காதுக்கு ஒரு வரலாறு, வாய்க்கு ஒரு வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். இயர்போன் வாங்கப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். மற்றவர்கள் காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எனக்கு ஒரே அண்ணன். வயது எழுபத்து நான்கு. தூத்துக்குடியில் இருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன். முக்கால் மணி நேரம் ஊர்க்கதை ஓடும். பல வருடப் பழக்கம். இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அந்தப் பேச்சு சுருங்கத் தொடங்கியது. "சரிம்மா", "ஆமா ஆமா", "அப்ப வைக்கட்டுமா". ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பூர்வீக வீட்டை விற்பது பற்றி மார்கழியில் நான் ஏதோ சொல்லியிருந்தேன். அதுதான் அவர் மனதில் தைத்துவிட்டது என்று நினைத்தேன். மாசி மாதம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஒருநாள் மதினியே தனியாகக் கூப்பிட்டார். "நீ பேசுதது அவருக்கு ஒண்ணும் விளங்கலியாம். கிணத்துக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்காம். காது போயிட்டுன்னு தங்கச்சி நினைச்சிருவாளோன்னு 'ஆமா ஆமா'ன்னு சொல்லிட்டு வச்சிருதாரு."

பொங்கலுக்கு மகன் எனக்கு ஒரு பரிசு கொடுத்திருந்தான். காதுக்குள் செருகும் ஒயர் இல்லாத இயர்பட்ஸ். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பாட்டுக்கு அது அற்புதம். 1978-இல் ஸ்டீரியோவில் பதிவான 'ப்ரியா' படப் பாடல்களைக் கேட்டபோது, நாற்பத்தைந்து வருடமாகக் கேட்ட பாட்டில் இத்தனை வாத்தியங்களா என்று வாயடைத்துப் போனேன். அதையே மாட்டிக்கொண்டுதான் அண்ணனிடமும் பேசி வந்தேன். எனக்கு அவர் குரல் துல்லியமாகக் கேட்டது. என் குரல் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை.

பாட்டுக்கு இவ்வளவு நன்றாக இருக்கும் பொருள் பேச்சுக்கு எப்படி இவ்வளவு மோசமாக இருக்க முடியும்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய வரலாற்றுக்குள் தள்ளியது. போய்ப் பார்த்தால், நாம் ஒரே பொருள் என்று நினைத்து வாங்குவது உண்மையில் இரண்டு பொருள். காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. இரண்டும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்தவை.

பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். ஆரம்ப காலக் கருவிகளில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே உறுப்புதான். பேசும்போது வாய்க்கு, கேட்கும்போது காதுக்கு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அதில் குரல் மிக மெலிதாகத்தான் போகும். 1877-இல் எடிசன் கரியை வைத்து ஒலிவாங்கி செய்தார். அடுத்த வருடமே டேவிட் ஹியூஸ் லண்டனில் மைக்ரோஃபோன் என்ற பெயரில் அதே மாதிரி ஒன்றைக் காட்டினார். அன்றோடு காதும் வாயும் பாகப்பிரிவினை செய்துகொண்டன.

இந்தக் கரி மைக்கை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தலைமையாசிரியர் அறையில் இருந்த கனத்த கறுப்பு டெலிபோன் ஞாபகம் இருக்கிறதா? சரியாகக் கேட்கவில்லை என்றால் ரிசீவரை உள்ளங்கையில் நான்கு தட்டுத் தட்டுவோம். அது மூடப்பழக்கம் இல்லை. உள்ளே இருக்கும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் போகும். தட்டினால் உதிரும், பேச்சும் தெளியும். சுமார் நூறு வருடம் உலகம் இந்தக் கரியின் வழியாகத்தான் பேசியது.

காதுப் பக்கம் கதை வேறு. இயர்போனை முதன்முதலில் நாள் முழுக்கத் தலையில் சுமந்தவர்கள் பாட்டு ரசிகர்கள் அல்ல, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள். 1878-இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதன்பின் அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் வேலையாகிவிட்டது. இரண்டு கையும் பலகையில் ஒயர் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் காதில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மைக்கை நெஞ்சில் ஒரு தகடு போலத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஊதுகுழல் போல ஒரு குழாய் வாய்வரை வரும். பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. என் மகன் வாங்கித் தந்ததில் மைக் காதோரம் இருக்கிறது. வாய்க்கும் அதற்கும் அரை ஜாண் தூரம்!

காதுக்குள்ளேயே செருகும் வகை ஏதோ நேற்று வந்தது என்று நினைத்திருந்தேன். 1891-இலேயே பிரான்சின் எர்னஸ்ட் மெர்காதியே என்ற பொறியாளர் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். எடை சுமார் 50 கிராம். காது உறுத்தாமல் இருக்கவும், வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைக்கவும் நுனியில் ரப்பர் உறை. இன்று டப்பாவில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி சிலிக்கான் மூடிகள் போட்டுத் தருகிறார்களே, அதன் பாட்டன் அது.

இசை எப்போது உள்ளே வந்தது? அதுவும் டெலிபோன் வழியாகத்தான். 1881-இல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் அதேர் என்பவர் ஓபரா மேடையின் முன்னால் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, ஒயர் வழியாகப் பாட்டைக் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் இரண்டு காதுக்கும் இரண்டு ரிசீவர் வைத்துக் கேட்டார்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடந்தால் அது காதிலேயே தெரிந்தது. ஸ்டீரியோ என்ற பேச்சே இல்லாத காலம்! 1890 முதல் அது தியாட்ரோஃபோன் என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கும் தொழிலாகவே நடந்தது.

1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நாதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்ஃபோன் செய்தார். அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒரு தடவைக்குப் பத்துதான் செய்து தர முடியும் என்றாராம் மனிதர். சமையலறை அல்லவா, அதற்கு மேல் இடம் ஏது? அவர் கையாண்ட 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' என்ற உத்தி பின்னாளில் காது கேளாதோர் கருவிகளுக்குள் சுருங்கிப் புகுந்தது. 1991-இல் மீட் கில்லியன் என்பவரின் எடிமோடிக் நிறுவனம் அதை வைத்துத்தான் காதுக்குள் செருகும் இசை இயர்போனைக் கொண்டுவந்தது. இன்றும் விலை உயர்ந்த இயர்போன் டப்பாக்களில் அந்தப் பெயரைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள்.

இடையில் என் வீட்டுக் கதை ஒன்று. எழுபதுகளில் அண்ணன் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். அதோடு வெண்ணெய் நிறத்தில் ஒற்றைக் காது இயர்போன். ராத்திரி அப்பா தூங்கிய பிறகு இலங்கை வானொலி கேட்போம். இருப்பது ஒரு காதுக்குத்தான். ஒரு பாட்டு அவருக்கு, ஒரு பாட்டு எனக்கு. எனக்குப் பிடித்த பாட்டு அவர் முறையில் வந்துவிட்டால், பேசாமல் கழற்றி என் கையில் வைத்துவிடுவார்.

அதனால்தான் சோனி வாக்மேன் கதையைப் படித்தபோது நெஞ்சு கொஞ்சம் கனத்தது. 1979 ஜூலை 1-இல் வந்த முதல் வாக்மேனில் இயர்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. சோனியின் அகியோ மொரிடா அதை வீட்டில் வைத்துக் கேட்டபோது, தன்னைத் தனியே விட்டுவிட்டார் என்று அவர் மனைவிக்கு எரிச்சல் வந்ததாம். இருவர் கேட்கட்டும் என்று இரண்டு துளை வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். மேலே ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தான். அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் சின்ன மைக் வழியாக ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு இயர்போனில் கேட்கும். பாட்டும் பேச்சும் ஒரே காதில். ஆனால் வாங்கியவர்கள் தனியாகக் கேட்கத்தான் விரும்பினார்கள். அடுத்தடுத்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது.

இப்போது வாய்ப் பக்கம் திரும்புவோம். கரி மைக்கைச் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கி இயர்போன் ஒயரில் தொங்கவிட முடியாது. அதற்கு வழி செய்தவர்கள் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர். வெஸ்ட் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர்; செஸ்லர் ஜெர்மானியர். இருவரும் 1931-இல் பிறந்தவர்கள். இடம் பெல் ஆய்வுக்கூடம், வருடம் 1962. சுவையான செய்தி என்னவென்றால், வெஸ்ட் முதலில் மைக் செய்யப் போகவில்லை. மாணவராக அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, கேட்கும் திறன் பற்றிய ஆராய்ச்சிக்கு வேண்டிய ஹெட்ஃபோனைச் சீர்செய்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதற்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் ஒரு பேட்டரி வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த ஹெட்ஃபோன் இயங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மெல்லிய தாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது! அந்தப் பிடிமானத்தைத் தூண்டித் தேடியதில் வந்ததுதான் டெஃப்லான் தாளில் செய்த எலெக்ட்ரெட் மைக். சின்னது, மலிவானது. டேப் ரெக்கார்டர் முதல் செல்போன் வரை உலகத்தின் பெரும்பாலான மைக்குகள் பிறகு பல காலம் இந்த வகையாகவே இருந்தன. காதுக்காகத் தொடங்கிய வேலை வாய்க்குப் பயன்பட்டது.

இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்த பின் நமக்குக் கிடைத்த அடையாளம் பின்னின் கோடுகள். 3.5 மில்லிமீட்டர் பின்னும் எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஆபரேட்டர் பெண்கள் செருகிய பெரிய பின்னின் பேரப்பிள்ளைதான். உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கோடு இரண்டு இருந்தால் பாட்டுக்கு மட்டும். மூன்று இருந்தால் மைக்கும் உண்டு. அதிலும் ஒரு வீண் சண்டை நடந்தது. கடைசி இரண்டு வளையங்களில் மைக் எதில், தரை இணைப்பு எதில் என்று கம்பெனிகள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றன. 2007-இல் ஐபோன் வந்த பிறகு அதன் வரிசையே மெல்ல வென்றது. ஒரு போனின் இயர்போனை இன்னொன்றில் செருகினால் பாட்டு பாதாளத்திலிருந்து வருவதும், எதிர்முனைக்கு ஒன்றும் கேட்காமல் போவதும் அந்தச் சண்டையின் மிச்சம். 2016-இல் ஐபோன் அந்தத் துளையையே அடைத்துவிட்டது. ஒயர் இல்லாத காலம் பிறந்தது.

ஒயர் போனதில் ஒரு நஷ்டம் உண்டு. பாட்டு கேட்கும்போது புளூடூத் பாதை முழுவதும் ஒருவழிச் சாலை. போன் வந்ததும் போகவும் வரவும் இருவழியாக மாற வேண்டும். அதனால் இரு பக்கமும் குறுகிவிடுகிறது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று ஐந்தாம் வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பழைய டெலிபோன் கொண்டு சென்றது 300 முதல் 3,400 வரைதான். புதிய முறைகளில் 7,000 வரை போகிறது. ஆனால் வழியில் எங்கே ஒரு குறுகல் இருந்தாலும் மொத்தமும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். பழைய தரத்தில் ஓடும் இயர்பட்ஸ் அப்படிப்பட்ட ஒரு குறுகல்.

சரி, நல்லது கெட்டதை எப்படிச் சோதிப்பது? இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஹார்வி ஃப்ளெட்சர். பால்ட்வினின் அதே யூட்டாவில் 1884-இல் பிறந்தவர். பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். டெலிபோன் ஒயர் நல்லதா என்று அவரும் அவர் குழுவினரும் எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஒருவர் வாசிக்க, மறுமுனையில் சிலர் கேட்டு எழுதுவார்கள். பிறகு எத்தனை சரி என்று எண்ணுவார்கள். நம்முடைய சொல்வதெழுதுதல்தான்! முப்பத்து மூன்று வருடம் நான் தினமும் செய்த வேலை. ஆனால் அவர்கள் வாசித்தது பெரும்பாலும் பொருளே இல்லாத அசைகள். ஏனென்றால் பொருள் இருந்தால் கேட்பவர் ஊகித்துவிடுவார். என் அண்ணன் "ஆமா ஆமா" என்று ஊகித்துச் சமாளித்தது போல.

அந்தச் சோதனைகளில் தெரிய வந்த முக்கியமான விஷயம் இது. குரலின் பலம் பெரும்பாலும் கீழ் ஒலிகளில், அதாவது உயிரெழுத்துகளில் இருக்கிறது. சொல்லை அடையாளம் காட்டும் மெய்யெழுத்துகளின் விவரமோ மேல் ஒலிகளில். வயதானால் காதில் முதலில் மங்குவதும் மேல் ஒலிகள்தான். அண்ணன் காதில் ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. என் மைக் மீதியையும் வெட்டி அனுப்பியிருக்கிறது. சத்தம் போய்ச் சேர்ந்தது, சொல் போய்ச் சேரவில்லை.

அதே ஃப்ளெட்சர்தான் 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று ஒயர் வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்க வைத்த முயற்சிக்கும் தலைமை தாங்கினார். அங்கே ஒலி அளவைக் கையாண்டவர் இசை மேதை ஸ்டோகோவ்ஸ்கி. அதே வருடம் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட வரைபடம் இன்னொரு பாடம். சத்தத்தைக் குறைத்தால் தபேலா, பேஸ் போன்ற தாழ் ஒலிகள்தான் நம் காதுக்கு முதலில் மறையும். ஆகவே இரண்டு இயர்போனை ஒப்பிட்டால் சத்தம் கூடியதே நல்லது போலத் தோன்றும். கடைகளில் நாம் ஏமாறும் இடம் அது.

பேச்சுக்கு ஒரு சோதனை, இசைக்கு வேறு சோதனை. இரண்டையும் ஒருவரே செய்தார், ஆனால் ஒன்றாகச் செய்யவில்லை. எனக்கு வேண்டிய விடை அங்கே கிடைத்துவிட்டது.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். "டீச்சர், இதுல நாப்பது மணி நேரம் சார்ஜ் நிக்கும்" என்று ஆரம்பித்தான். "அதெல்லாம் இருக்கட்டும்டா, எனக்கு ரெண்டு பரீட்சை வைக்கணும்" என்றேன். முதலில் பாட்டு. மூடி காதில் சரியாக அடைய வேண்டும். இல்லையென்றால் தாழ் ஒலி முழுவதும் கசிந்து போகும். என் வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சின்னது. இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது? பிறகு எல்லா இயர்போனுக்கும் ஒரே பாட்டு. சத்தத்தைக் காதுக்கு ஒரே அளவாக வைத்துக்கொண்டு, குரலும் வயலினும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். சத்தம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலுக்கு வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்து பேச்சு. கடைக்கு வெளியே, பஸ் போகும் ரோட்டோரம் நின்றேன். போனில் இருக்கும் ரெக்கார்டரில் ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். மகன் தந்ததில் என் குரலைக் கேட்டபோது எனக்கே புரியவில்லை. பஸ் சத்தத்தை நீக்குகிறேன் என்று என் சொற்களில் பாதியையும் சேர்த்து நீக்கியிருந்தது. அதோடு இன்னொரு காரணமும் பிடிபட்டது. காதை இறுக்கி அடைத்தால் நம் குரல் நம் தலைக்குள்ளேயே முழங்கும். உரக்கப் பேசுகிறோம் என்று நினைத்து நம்மையறியாமல் தணிந்து பேசுவோம். கடைசி பெஞ்சு வரை கேட்ட என் குரல் முணுமுணுப்பாகியிருந்தது. இப்போது போன் பேசும்போது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் 450 ரூபாய்க்கு, தாடைக்குப் பக்கத்தில் மைக் தொங்கும் ஒயர் இயர்போன் ஒன்றை வாங்கினேன். என் போனில் துளை இருக்கிறது. பாட்டுக்கு இது சுமார்தான். அதற்கு மகன் தந்தது இருக்கவே இருக்கிறது. மாணவனுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த ஞாயிறு அண்ணனைக் கூப்பிட்டேன். "பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, சொல்வதெழுதுதல்" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்து வந்தார். பட்டம், கட்டம், சட்டம், மட்டம், வட்டம் என்றும், காடு, மாடு, நாடு, பாடு என்றும் முதலெழுத்து மட்டும் மாறும் இருபது சொற்களைக் கலைத்துப் போட்டு வைத்திருந்தேன். முதலில் பழைய இயர்பட்ஸில் வாசித்தேன். பிறகு வரிசையை மாற்றி ஒயரில் வாசித்தேன். மதினி இரண்டு தாளையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். முதல் தாளில் 20-க்கு 9. இரண்டாவதில் 17. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

"மூணு மார்க் எங்க போச்சு?" என்று கேட்டார். "அது உங்க காது" என்றேன். "அப்ப எட்டு உன் மெஷினா?" என்றவர், ஒரு மூச்சு விட்டுவிட்டு, "வீட்டை வித்துருவோம்னு அன்னைக்கு நீ சொன்னியே, அதைப் பத்தி பேசணும்னு ரெண்டு மாசமா நினைச்சிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தார். விற்க வேண்டாமாம். பின்கட்டு வேம்பு, கிணறு, அப்பாவின் சாய்வு நாற்காலி என்று ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சாப்பாடு ஆறுது என்று மதினி பின்னாலிருந்து சத்தம் போடுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.